“எப்ப திரும்பிப் போறியள்?”



கடந்த ஞாயிறு திருப்பலி முடிந்து தேநீர் வேளையில், நம் பங்குக் குடும்பமொன்று தங்கள் கோடை விடுமுறைப் பயணத் திட்டத்தைக் கைத்தொலைபேசியில் எனக்குக் காட்டியது. ஒக்லாந்திலிருந்து புறப்பட்டு, தென் தாய்லாந்தின் பழைய கரையோர நகரம் ஒன்றில் தங்கி, அங்கிருந்து படகேறித் தீவுகளைப் பார்த்து ஆறு நாள். பின்னர் யாழ்ப்பாணத்தில் ஒரு திருமணத்தையொட்டி மூன்று நாள். “நல்ல திட்டமா, சுவாமி?” என்று கேட்டார்கள். “நல்ல திட்டம்” என்று சுருக்கமாகச் சொல்லி விட்டேன். அந்த விடை முழுமையானதன்று என்று இவ்வாரம் முழுவதும் என் மனம் உறுத்தியது. அவர்களைப் போலவே உங்களுள் பலர் இப்போது பயணச்சீட்டு எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே சொல்லாமல் விட்டதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். தாய்லாந்துக்குப் போவதில் பாவமில்லை. ஆண்டு முழுவதும் உழைத்த குடும்பம் கடற்கரையில் சில நாள் இளைப்பாறுவது இறைவன் விரும்பும் ஓய்வே. அவர்கள் தெரிந்தெடுத்த நகரும் வெறும் உல்லாச இடமன்று. அது நகோன் சி தம்மராட். பழங்காலத்தில் தாம்பிரலிங்கம் எனப்பட்ட அரசின் நகரம். அங்குள்ள மகாதாதுக் கோயிலின் தூபி இலங்கைப் பாணியில் எழுந்து நிற்கிறது. அதே நகரில் சிவனுக்கும் திருமாலுக்கும் அமைந்த சிறு கோயில்கள் ஒரே வீதியின் இருபுறமும் எதிரெதிராக நிற்கின்றன. வடக்கே அண்டை மாகாணத்திலுள்ள டொன்சக் துறையிலிருந்து சமூய், பங்கான் தீவுகளுக்குப் படகுகள் ஓடுகின்றன.

அந்த நகருக்கும் நமக்கும் ஓர் உறவும் உண்டு. தாம்பிரலிங்கத்து அரசன் சந்திரபானு 1247இல் கடல் கடந்து இலங்கைமீது படையெடுத்தான். அவன் பின்னர் வட இலங்கையில் ஆட்சி செலுத்தினான் என்பதும், பாண்டியர் வந்து அவனை அடக்கினர் என்பதும் வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அவனுடைய மக்களை அக்காலத்தோர் சாவகர் என்றனர். நம்மில் எத்தனை பேருக்குச் சாவகச்சேரியில் உறவினர் இருக்கின்றனர்! அந்த ஊர்ப் பெயரில் சாவகர் நினைவு தங்கியிருப்பதாக அறிஞர் கூறுவர்.

இன்னோர் உறவும் உண்டு. பாங்கொக் அரச சடங்குகளில் அந்நாட்டுப் பிராமணர் பொருள் தெரியாமல் ஓதிவந்த மந்திரங்களில் நம் திருவெம்பாவையின் அடிகள் இருப்பதை 1950களில் இனங்கண்டு உலகுக்குச் சொன்னவர் ஒரு கத்தோலிக்கக் குரு: சேவியர் தனிநாயகம் அடிகளார். 1952இல் ‘தமிழ்ப் பண்பாடு’ என்னும் பொருள்தரும் பெயரில் ஆங்கில ஆய்விதழ் தொடங்கியவர்; 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூட முன்னின்றவர். அவர் 1913இல் பிறந்த ஊர் ஊர்காவற்றுறைக்கு அண்மையிலுள்ள கரம்பன். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து போகும் தீவக ஊர். தாய்லாந்தில் தமிழைக் கேட்டுணர்ந்த அந்தக் காது ஒரு தீவில் பிறந்த காது. நான் பார்த்த பயணத் திட்டத்தில் தாய்லாந்தின் மூன்று தீவுகள் இருந்தன. யாழ்ப்பாணத்தின் தீவு ஒன்றுகூட இல்லை. என் மனத்தை உறுத்தியது இதுவே.

யாழ்ப்பாணமும் ஒரு பழைய கரையோர நகரம். அதற்கும் தீவுகள் உண்டு, படகுகள் உண்டு. 1619இல் போர்த்துக்கேயர் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தர் பறித்து, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய நகரம் அது. ஒல்லாந்தர் ஐங்கோணமாகக் கட்டிய கோட்டைக்கு அருகே பண்ணைப் பாலம் தொடங்குகிறது. அதைக் கடந்தால் மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு. புங்குடுதீவின் மறுகரையில் குறிகாட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து நயினாதீவு கூப்பிடு தூரந்தான். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் படகு உண்டு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே மக்கள் ‘பாதை’ என்றழைக்கும் மிதவையில் சைக்கிளோடும் மோட்டார் சைக்கிளோடும் ஏறிக் கடக்கலாம். வடதாரகை, நெடுந்தாரகை, குமுதினி என்னும் படகுப் பெயர்களைத் தீவக மக்கள் தம் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைப்போல் சொல்வார்கள்.

படகேறித் தீவுக்குப் போவது நமக்குப் புதிதா? ஒக்லாந்தில் வாழும் நாம் படகு நகரத்து மக்கள் அல்லவா! 1912இல் கட்டிய படகுத்துறைக் கட்டடத்தின் அருகே வரிசையில் நின்று, நாற்பது நிமிடத்தில் வைஹெக்கே போய் மாலையில் திரும்புகிறோம். ரங்கிட்டோட்டோவின் எரிமலைக் கற்கள்மீது நம் பிள்ளைகள் ஏறாத ஆண்டில்லை. அத்தீவுகளின் மாவோரிப் பெயர்களைப் பிள்ளைகள் பிழையின்றிச் சொல்வதைக் கேட்டு நான் மகிழ்கிறேன். அதே பிள்ளைகளிடம் அனலைதீவு எங்கே என்று கேட்டால் தாயின் முகத்தைப் பார்க்கிறார்கள். தாயும் சில வேளை தந்தையின் முகத்தைப் பார்க்கிறார்.

அன்பானவர்களே, தீவகம் ஏன் வெறிச்சோடியது என்பதை நாம் அறிவோம். ஆயினும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டுப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். குறைந்தது 23 பேர் இறந்தனர். பின்னர் அந்தப் படகு செப்பனிடப்பட்டு அதே கடலில் பல ஆண்டுகள் அதே மக்களை ஏற்றியது. வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது பெரும்பாலான மக்கள் வீடுகளைப் பூட்டாமலே வெளியேறினர். 2006 ஆகஸ்ட் 13 அன்று அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. காயப்பட்டோரைக் காப்பாற்ற ஓடிய பங்குக் குரு ஜிம் பிரவுண் அடிகளார், ஒரு வாரத்தின் பின் ஆகஸ்ட் 20 அன்று தம் உதவியாளரோடு காணாமற்போனார். இன்றுவரை விடையில்லை. ஒரு குருவாக அந்தத் திகதியை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை.

இப்படிப்பட்ட கரைகளுக்கு நாம் எவ்வாறு போகிறோம்? இதைப் பற்றி எழுதுமுன் என் குற்றத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்நாட்டுக்கு வந்து சில ஆண்டுகளின் பின் முதன்முறையாக ஊர் சென்றபோது, நண்பர்களோடு நெடுந்தீவுக்குப் போனேன். காலைப் படகில் போய், பிற்பகல் படகில் திரும்பும் ஏற்பாடு. பவளக்கற்களை அடுக்கிய மதில்களைப் பார்த்தோம். ஒல்லாந்தர் காலத்திலிருந்து அங்கே திரிவதாகச் சொல்லப்படும் குதிரைகளைப் பார்த்தோம். பெருக்கமரத்தின் பொந்துக்குள் நின்று படமெடுத்தோம். கடைசியாக ஒரு சிற்றாலயத்தருகே வண்டியை நிறுத்தினோம். அங்கே திருப்பலி எப்போதாவது ஒருமுறைதான். வண்டியோட்டி யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு முதிய தாயார் எனக்கு முன்பே ஆலயத்தைத் திறந்து, கூட்டி, பீடத்தில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதற் கேள்வி: “சுவாமி, எப்ப திரும்பிப் போறியள்?”

“அடுத்த படகுக்கு அம்மா” என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஓம், எல்லாரும் அடுத்த படகுக்குத்தான் போறவை” என்றார். அதில் குத்தல் இல்லை. மழை வருமென்று சொல்வதுபோல் சொன்னார். நான் ஒரு செபம் சொல்லி, ஆசீர்வதித்து, அவருடைய கையில் கொஞ்சம் பணத்தை வைத்தேன். அவர் அதை வாங்கி அப்படியே உண்டியலில் போட்டார். படகில் திரும்பும்போதுதான் அந்த வெள்ளைத் துணி ஏன் விரிக்கப்பட்டிருந்தது என்பது எனக்கு விளங்கியது.

ஊருக்குப் போன எவரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். எப்போது வந்தீர்கள் என்பதற்கு முன்பே, எப்போது போகிறீர்கள் என்று கேட்பார்கள். நம்மைத் துரத்துவதற்கா? இல்லை. இந்த மனிதரோடு எவ்வளவு பேசலாம், எதைத் தொடங்கலாம், எதைத் தொடங்காமல் விடுவது நல்லது என்று அளந்துகொள்வதற்கு. மூன்று மணி நேரம் இருப்பவரிடம் நலமாயிருக்கிறோம் என்பார்கள். மூன்று நாள் இருப்பவரிடம்தான் மகனைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

என் கருத்து இதுதான்: நாம் ஊருக்குப் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கிறோம், நாட்களைக் கொடுக்கக் கஞ்சத்தனம் செய்கிறோம். ஆலயத்துக்குக் கோபுரம், முகப்பு வளைவு, பளிங்குத் தரை என்றால் ஒக்லாந்தில் ஓர் இராப்போசன நிகழ்வில் நிதி சேர்ந்துவிடும். அத்தகைய நிகழ்வுகளில் நானும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறேன். கட்டடம் வேண்டாமென்று சொல்லவில்லை; மழை ஒழுகும் கூரையைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் நூறு பேர் இருக்கும் ஆலயத்தில் பத்துப் பேர் இருக்கும்போது, பதினோராவது ஆளாக நாம் முழங்காலிடுவதுதான் அந்தப் பத்துப் பேருக்குப் பெரிய கொடை. வளைவில் நம் பெற்றோரின் பெயரைப் பொறிப்பதைவிட, அந்தப் பெயரை இன்னும் நினைவில் வைத்திருக்கும் முதியவரின் திண்ணையில் ஒரு மாலை உட்கார்வது மேலானது. கல் நம்மைவிட நெடுங்காலம் காத்திருக்கும். அந்த முதியவரால் அவ்வாறு காத்திருக்க முடியாது.

திருமறையைப் பாருங்கள். மரியா மலைநாட்டுக்குச் சென்று எலிசபெத்தை வாழ்த்தியதோடு திரும்பவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் அவரோடு தங்கினார் என்கிறார் லூக்கா. கப்பல் உடைந்து மால்டாத் தீவில் கரையேறிய பவுலடியாரும் மூன்று மாதம் அத்தீவு மக்களோடு இருந்தார். நோயுற்றோர்மீது கைகளை வைத்து வேண்டினார். நம்மிடம் மூன்று மாதம் இல்லை. மூன்று இரவுகளும் இல்லையா?

நம் சொந்த வரலாற்றையும் பாருங்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்கள் விரட்டப்பட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் மேய்ப்பரின்றி இருந்தனர். அவர்களைத் தேடி 1687இல் கடல் கடந்து வந்தார் யோசேப் வாஸ் அடிகளார். நோயில் நலிந்து, பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகச் சென்றார். கதவைத் திறப்பவர் அந்தச் செபமாலையைப் பார்க்கும் பார்வையைக் கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார். சில்லாலையில் மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். 2015 சனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் கொண்டுவந்தது பணமன்று. மறக்கப்பட்டோம் என்று எண்ணியிருந்த மக்களிடம், நீங்கள் மறக்கப்படவில்லை என்று சொல்லும் ஒரு மனித முகத்தையே கொண்டுவந்தார்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழிகளை நான் அறிவேன்.

“பிள்ளைகளால் தாங்க முடியாது, சுவாமி, வெயில், நுளம்பு, கழிப்பறை வசதி” என்பீர்கள். தாய்லாந்திலும் வெயிலும் நுளம்பும் உண்டு. பிள்ளைகள் தாங்குவார்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைத்தான் நம்மால் தாங்க முடிவதில்லை. பூட்டிய வீடுகளைக் கண்டு, இவர்கள் எங்கே போனார்கள் என்று பிள்ளை கேட்டால், அதற்கு விடை நம் சொந்தக் கதையாக இருக்கும். அந்தக் கதையை அவர்கள் திரைப்படத்திலிருந்து அறிவதைவிட உங்கள் வாயிலிருந்து, அந்தக் கரையிலேயே நின்று அறிவது நல்லது.

இந்நாட்டின் தேசிய அருங்காட்சியகத்தில் ஓர் உடைந்த வெண்கல மணி இருக்கிறது. தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணி. 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்ற மறைபணியாளர் அதைக் கண்டபோது, மாவோரி மக்கள் அதில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தனர். அவர்களைக் குறைகூற ஏதுமில்லை. நல்ல பாத்திரமாகவே அதைப் பேணினர். எழுத்து இருந்தது, வாசிக்கத் தெரிந்தவர் அருகில் இல்லை. நம் பிள்ளைகளின் பெயர்களிலும் ஊர்ப்பெயர்களும் முன்னோர் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை அவர்களுக்கு வாசித்துக் காட்டக்கூடியவர்கள் இன்னும் சிலர் அந்தக் கரைகளில் உயிரோடிருக்கிறார்கள்.

“எனக்கு அங்கே போகப் பயம்” என்று சொல்வோரும் நம் பங்கில் உண்டு. போக முடியாத சட்டநிலையில் உள்ளோரும் உண்டு. உங்களுக்கு என் அறிவுரை எதுவுமில்லை. என் செபம் மட்டுமே உண்டு. காயத்தைத் தொட்டுப் பார் என்று எவரையும் வற்புறுத்தும் உரிமை எனக்கில்லை. உங்கள் ஊரின் பெயரைப் போகிறவர் ஒருவரிடம் சொல்லி அனுப்புங்கள். அங்கிருந்து கையளவு மண்ணோ, ஒரு படமோ, ஒரு செய்தியோ அவர் உங்களுக்குக் கொண்டுவரட்டும்.

“நான் தீவகத்தவன் அல்லன், தமிழ்நாட்டவன்” என்போருக்கும் ஒரு சொல். கச்சதீவுப் புனித அந்தோனியார் திருவிழா தவக்காலத்தையொட்டி நடைபெறும்போது, இராமேசுவரத்து மீனவரும் யாழ்ப்பாணத்து மீனவரும் ஒரே பந்தலின் கீழ் ஒரே திருப்பலியில் நிற்கிறார்கள். 1974இல் அரசுகள் எல்லைக்கோடு வரைந்தன. கடலில் வலைகளுக்காக இருசாராரிடையே கசப்பும் உண்டு. ஆயினும் அந்த இரு நாட்களில் மக்கள் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறுகிறார்கள். போரினால் 1980களில் நின்றுபோன பயணிகள் கப்பற் போக்குவரத்து, 2023 அக்டோபர் 14 அன்று நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மீண்டும் தொடங்கியது. அந்தக் கடல் உங்களுடையதுமே.

ஆகவே இவ்விடுமுறையில் ஊர் போகும் குடும்பங்களிடம் சிலவற்றை வேண்டுகிறேன். தாய்லாந்தில் ஆறு நாள் என்றிருந்தால் நான்காக்குங்கள். அந்த இரண்டையும் யாழ்ப்பாணத்து மூன்றோடு சேருங்கள். தீவு ஒன்றில் குறைந்தது இரண்டு இரவுகள் தங்குங்கள். மார்கழியில் வாடைக்காற்றும் மழையும் படகை நிறுத்தக்கூடும். தை பிறந்த பின் கடல் பெரும்பாலும் அடங்கும். அதற்கேற்ப நாளைத் தள்ளி வையுங்கள். போகுமுன் அங்குள்ள பங்குக் குருவுக்கு அறிவித்து, உதவி தேவைப்படும் முதியோர் யாரென்று கேளுங்கள். நெடுந்தீவில் நன்னீர் அரிது. குளியலறையில் அதை நினைவில் கொள்ளுங்கள். முதல் நாள் படமெடுக்காதீர்கள். நம் சைவச் சகோதரரின் வீடுகளிலும் அதே மரியாதையோடு அமருங்கள். துயரம் அங்கே மதம் பார்த்து வரவில்லை. வாரநாள் திருப்பலி இருந்தால் போய் நில்லுங்கள். இல்லையேல் மாலையில் அங்குள்ளவர்களோடு செபமாலை சொல்லுங்கள். இறுதித் தீர்வைபற்றிச் சொன்னபோது ஆண்டவர் நம்மிடம் கேட்பவற்றுள் ஒன்று, என்னைப் பார்க்க வந்தாயா என்பது என்று நமக்கு நினைவூட்டியிருக்கிறார்.

இரண்டாம் முறை ஊர் சென்றபோது நான் அதே சிற்றாலயத்துக்குப் போனேன். அந்தத் தாயார் இருந்தார். பார்வை மட்டும் மங்கியிருந்தது. என் குரலைக் கேட்டதும் அதே கேள்வி வந்தது: “எப்ப திரும்பிப் போறியள்?”

“நாளையிண்டைக்கு அம்மா” என்றேன்.

அவர் கதிரையை இழுத்து என் பக்கம் தள்ளினார். “அப்ப ஆறுதலாக் கதைப்பம்” என்றார்.

மறுநாட் காலை அந்த வெள்ளைத் துணிமீது திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். ஏழு பேர் இருந்தோம். அவர் தம் மகனின் பெயரைச் சொல்லி மன்றாடச் சொன்னார். முதல் முறை நான் அடுத்த படகுக்குப் போயிராவிட்டால் அந்தப் பெயரை ஓராண்டு முன்பே கேட்டிருப்பேன்.

உங்கள் பயணங்கள் அனைத்தையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக. கடலின் விண்மீனாகிய அன்னை மரியா உங்களைக் கரைசேர்ப்பாராக. திரும்பி வந்ததும் எத்தனை இடங்களைப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். யாரோடு தங்கினீர்கள் என்று கேட்பேன்.

இறை அன்பில்,
உங்கள் பங்குப் பணியாளன்
ஒக்லாந்து